காதுக்குப் பின்னால் எழுதுகிறவள்

வாயில் ஊசிகளைக் கடித்துக்கொண்டுதான் அன்ரனெற் பேசுவாள். சேலைக் கொய்யக மடிப்புகளை விரலிடுக்கில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது உதட்டோரத்தில் மிஞ்சிய இடைவெளியால் உத்தரவுகள் வரும். "மூச்சை உள்ளுக்கை இழு பிள்ளை. இன்னும்... இன்னும்... ஆ, அப்பிடியே வைச்சிரு. கலியாணம் முடிஞ்சாப் பிறகு ஆறுதலா விடலாம்." மணப்பெண் சிரித்தால் கொய்யகம் குலையும், கொய்யகம் குலைந்தால் அன்ரனெற்றின் முகம் குலையும். ஆகவே எங்கள் சனம் வந்து குடியேறிய மில்லிக்கன் பக்கத்து மணப்பெண்கள் அவளுக்கு முன்னால் சிரிப்பதில்லை, மூச்சும் விடுவதில்லை. கலியாண அல்பங்களில் அவர்கள் எல்லோரும் ஏதோ பெரிய உண்மை ஒன்றை உணர்ந்துவிட்டவர்கள் போல நிற்பது இதனால்தான்.

பியூட்டிசியன் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "பியூட்டிசியன் எண்டா புருவம் புடுங்கிறவை. நான் பொம்பிளை வெளிக்கிடுத்திற ஆள்" என்பாள். பொம்பிளை என்றால் மணப்பெண். வெளிக்கிடுத்துவது என்றால் உடுத்தி, சோடித்து, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத அளவுக்கு ஆக்கி அனுப்புவது. அந்த அளவுக்கு ஆகவில்லையென்றால் தாய்மார் குறை சொல்வார்கள்.

அவளுடைய வான் வண்டியில், பக்கத்து ஆசனத்தில், எப்போதும் ஒரு தலை இருக்கும். ரெஜிஃபோம் என்கிற வெள்ளை நுரைத் தக்கையில் செய்த தலை. அதன்மேல் சடை, பூ, நெற்றிச்சுட்டி எல்லாம் ஆயத்தமாக இருக்கும். பிரேக் பிடிக்கும்போது உருண்டுவிடக் கூடாதென்று அதற்கும் இருக்கைப் பட்டி கட்டியிருப்பாள். சிவப்பு விளக்கில் பக்கத்து வாகனக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பச்சை விழுந்ததும் அவசரமாகப் போய்விடுவார்கள். அலங்காரப் பெட்டியின் மூடிக்குள் அந்தோனியார் படம் ஒன்று, அதற்குப் பக்கத்தில் நகைக்கடைக் கலண்டரிலிருந்து வெட்டிய லட்சுமி படம் ஒன்று. "சைவக் கலியாணத்துக்கு அவா, வேதக் கலியாணத்துக்கு இவர். கலப்புக் கலியாணமெண்டா ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வரட்டும்."

கடை, ஸ்ரீல்ஸ் வீதிக்குக் கிட்ட ஒரு பிளாசாவில். ஒரு பக்கம் மிசிஸ் குவொக்கின் சீன மூலிகைக் கடை. மறுபக்கம் முகத்துக்குப் பூசும் கிறீம் விற்கும் கொரியப் பெண். மூலையில் சீஸ்கேக் செய்யும் ஜப்பானியர் ஒருவர். பிளாசா முழுவதிலும் தமிழ் எழுத்தில் உள்ள ஒரே பலகை அன்ரனெற்றினுடையதுதான். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் மூலிகை மணத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்கள்.

கணவர் றெமிஜியஸ் பிறம்ரனில் இருக்கிறார். லொறி ஓட்டுகிறார், வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறார். யார் யாரை விட்டது என்பதில் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அவர்தான் ஒரு நாள் உடுப்புப் பையோடு போனார். போனவர் இன்றைக்கும் மதிப்புக்குரிய மனிதராக, கலியாண வீடுகளில் முதல் பந்தியில் சாப்பிடுகிறவராக இருக்கிறார். வீட்டிலேயே இருந்தவள் வாழாவெட்டி ஆகிவிட்டாள். எங்கள் சனம் ஓடி வந்தபோது வீட்டை விட்டு வந்தது, காணி உறுதியை விட்டு வந்தது. சிலர் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழைக்கூட விட்டுவிட்டு வந்தார்கள். இந்தச் சொல்லை மட்டும் யாரோ மடியில் கட்டிப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். விமான நிலையத்தில் ஒருவரும் அதைப் பறிமுதல் செய்யவில்லை.

தொழிலுக்கு அந்தச் சொல் தடையில்லை. எங்கள் ஆட்கள் அவ்வளவு பிற்போக்கானவர்கள் அல்ல. வாழாவெட்டியின் கை மணப்பெண்ணின் உச்சி முதல் உள்ளங்கால்வரை படலாம். அவள் மட்டும் யார் கண்ணிலும் படக் கூடாது. பெண் வீட்டை விட்டு இறங்கும்போது எதிரே யார் வருகிறார்கள் என்று பார்ப்பதற்குப் பெயர் முழுவியளம். அதற்குக் கணவனோடு வாழ்கிற பெண் யாராவது நிற்பாள். அன்ரனெற் அதற்கு முன்னதாகவே சமையலறைக் கதவால் வெளியே போய் வானுக்குள், அந்தத் தலைக்குப் பக்கத்தில், இருந்துகொள்ள வேண்டும்.

மண்டபத்திலும் அதே ஏற்பாடுதான். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த கூறைச்சேலையை மாற்றிக்கொள்ள மணப்பெண் மேடையிலிருந்து உள்ளே வருவாள். ஐயர் பொறுமை இழப்பதற்குள் கூறையைக் கட்டி அனுப்பிவிட்டு அன்ரனெற் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். பிறகு கெட்டிமேளம் கேட்கும். அதை அவள் எப்போதும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்துதான் கேட்டிருக்கிறாள். இத்தனை வருடத்தில், தான் வெளிக்கிடுத்திய ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி ஏறியதை அவள் நேரில் கண்டது கிடையாது.

"எனக்கென்ன, வீடியோவிலை பாக்கலாம்தானே" என்பாள். பார்ப்பதும் உண்டு. தாலி கட்டும் இடத்தில் நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடியும் பார்ப்பாள். கேட்டால், கொய்யகம் நேராக இருக்கிறதா என்று பார்த்தேன் என்று சாதிப்பாள். அது பொய். ஒரு தடவையாவது முன்வரிசையில் இருந்து பார்க்க வேண்டுமென்று அவளுக்கு ஆசை. வாய் திறந்து கேட்டால் வருகிற பெண்களும் வராமல் போவார்கள் என்று பயம். வாடகை கட்ட வேண்டியிருந்ததால் அவள் பயத்தின் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனிக் கண்ணூறு, அதாவது கண்பட்டுப் போகிற விஷயத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் அவளும் எல்லோரையும் போல மணப்பெண்ணின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்தவள்தான். அழகில் ஒரு பழுதை நாமாகவே வைத்துவிட்டால், எரிகிற கண் அதில் போய் விழுந்துவிடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கைக் குழப்பியவர் கலியாணங்களுக்குப் படம் எடுக்கும் ஜதுர்சன். "அன்ரி, இற் லுக்ஸ் லைக் எ பிம்பிள். ஒவ்வொரு படத்திலையும் நான் அதை அழிக்க வேண்டிக் கிடக்கு" என்றார். மணப்பெண்களும் அவர் பக்கம் சேர்ந்தார்கள். ஆகவே பொட்டு கன்னத்தை விட்டுக் காதுக்குப் பின்னால் போனது. அங்கே போனதும் அன்ரனெற்றுக்குக் கவலை வந்தது. "இவ்வளவு பூவுக்கும் முடிக்கும் பின்னாலை கிடக்கிற சின்னப் பொட்டை எந்தப் பேய் தேடிப் பாக்கப் போகுது?"

அந்தக் கவலையோடு இருந்த நாட்களில்தான் ஒரு முறை மிசிஸ் குவொக் முறைப்பாடு சொல்ல வந்தார். அன்ரனெற் அடிக்கும் ஹெயார் ஸ்பிறே மணம் சுவர் தாண்டி வந்து ஜின்செங் வேரில் ஏறுகிறது என்பது அவருடைய நெடுநாள் முறைப்பாடு. இரண்டு பேரும் பேசுவது ஆங்கிலம். அது இரண்டு பேருக்கும் சொந்தமில்லாததால் ஒருவரை ஒருவர் திருத்த வேண்டிய அவசியம் வந்ததில்லை. அன்றைக்குக் கதிரையில் முழு அலங்காரத்தோடு ஒரு மணப்பெண் இருந்தாள். அவளைக் கண்டதும் மிசிஸ் குவொக் ஜின்செங்கை மறந்தார். தன் மொழியில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

என்ன சொன்னாய் என்று அன்ரனெற் விடாமல் கேட்டாள். அவர் ஒரு கடதாசிப் பையின் முதுகில் எழுதிக் காட்டினார்: 妖. இடப்பக்கம் இருப்பது பெண் என்றார். வலப்பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆள். தோடு கொழுவும்போது தலையைச் சாய்ப்பது போல இருக்கிறது என்று அன்ரனெற் நினைத்தாள். "நல்ல சொல் இல்லை" என்றார் மிசிஸ் குவொக். "பேய். நரி இருக்கும், பெண்ணாக வரும். அழகு கூடிப் போனால் இது. அரசன் பார்ப்பான், வேலையை மறப்பான், நாடு முடிஞ்சது." வேலையை மறந்த அரசனுக்கு ஏன் ஒருவரும் ஓர் எழுத்துச் செய்யவில்லை என்று அன்ரனெற் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு பிளாசாவைச் சுற்றி வந்தாள். கொரியப் பெண் தன் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, இதோடு இன்னோர் எழுத்தைச் சேர்த்தால் எங்களிடத்தில் செட்டை முளைத்த குட்டித் தேவதை என்றாள். ஜப்பானியர் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தார். "விளங்காத அழகு. கிட்டப் போக ஆசை வரும், போகப் பயமாகவும் இருக்கும்" என்றார். அன்ரனெற் திரும்பி வந்து தன் தீர்ப்பைச் சொன்னாள்: "ஒரு எழுத்துக்கு மூண்டு பேரும் மூண்டு கதை சொல்லினம். ஆனா மூண்டு கதையிலையும் அவளைக் கண்டு ஆக்கள் பயப்பிடுகினம். எனக்கு அது காணும்."

அன்று தொடங்கியது இந்த வழக்கம். பொட்டு வைக்கும் இடத்தில், காதுக்குப் பின்னால், மெல்லிய தூரிகையால் மை தொட்டு அந்த எழுத்தை எழுதிவிடுவாள். "பேய் வந்து எட்டிப் பாக்கும். பாத்தா ஏற்கெனவே பேயெண்டு எழுதிக் கிடக்கும். சரி, உவள் எங்கட ஆள்தானே எண்டு அது தன்ரை பாட்டிலை போயிடும்." மிசிஸ் குவொக் தலையில் கை வைத்தார். மணப்பெண்ணுக்கு எழுதுவதென்றால் இரட்டை மகிழ்ச்சி என்று ஓர் எழுத்து இருக்கிறது, சிவப்பில் எழுதலாம், அதை எழுது என்று மன்றாடினார். அன்ரனெற் அசையவில்லை. "மகிழ்ச்சி எண்டு நாங்களே எழுதி ஒட்டினா எரியிற கண்ணுக்கு விலாசம் குடுத்த மாதிரியெல்லோ?"

ரெஜிஃபோம் தலையில் எழுதிப் பழகினாள். மிசிஸ் குவொக் வேண்டா வெறுப்பாக வந்து, கோடு கோணல், கால் கட்டை என்று திருத்திவிட்டுப் போவார். கழுத்து வரை பேய் எழுதிய தலையோடு வான் ஓடித் திரிந்தது. தாய்மார் யாராவது மகளின் காதுக்குப் பின்னால் எழுத்தைக் கண்டால், "நல்ல வடிவான டிசைன்" என்பார்கள். வாசிக்கத் தெரியாத எல்லாமே எங்களுக்கு டிசைன்தான். ஒரு முறைப்பாடும் வரவில்லை. கமலாம்பிகை அவர்களின் மகளுக்குக் கலியாணம் வரும்வரை.

கமலாம்பிகை அவர்களுக்குப் பதவி என்று எதுவும் கிடையாது. ஆனால் எந்த மண்டபம், எந்த ஐயர், எந்தச் சமையல், எந்த அன்ரனெற் என்பதெல்லாம் மில்லிக்கனில் அவருடைய தொலைபேசியில்தான் தீர்மானமாகும். "அவள் பரவாயில்லை" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அன்ரனெற்றுக்கு ஒரு கோடைகாலம் நிரம்பிவிடும். "ம்ம்..." என்று இழுத்தால் அந்தக் கோடை முழுக்க மிசிஸ் குவொக்கின் கடையில் இருந்து இஞ்சித் தேத்தண்ணி குடிக்கலாம். அப்படிப்பட்டவரின் மகள் துர்க்காவை வெளிக்கிடுத்தக் கூப்பிட்டபோது அன்ரனெற் அந்தோனியாரையும் லட்சுமியையும் ஒரே கும்பிடில் கும்பிட்டாள்.

"மாப்பிள்ளை ஆக்கள் எவ்விடம் அக்கா?" என்று கேட்டாள்.

"அவை... வெளியாக்கள். நீர் உம்மடை வேலையைப் பாரும்" என்றார் கமலாம்பிகை.

ஒத்திகை அலங்காரத்துக்கு வந்த துர்க்காவிடம் மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டாள். "கெல்வின், அன்ரி. ஹீ இஸ் ஃப்ரொம் மார்க்கம்." மார்க்கம் பக்கத்து நகரம்தான். கெல்வின் என்ற பெயரைக் கேட்டதும் அன்ரனெற் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் கெல்வின் என்றால் பாசையூர், இல்லாவிட்டால் குருநகர், தவறினால் மன்னார், எல்லாம் கத்தோலிக்க ஊர்கள். கமலாம்பிகை அக்கா "வெளியாக்கள்" என்று இழுத்ததன் காரணம் பிடிபட்டுவிட்டது: வேதக்கார மாப்பிள்ளை! வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி சமைத்த பாத்திரத்தைக்கூடத் தனியாகக் கழுவுகிற வீட்டுக்கு! அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினாள். அடுத்த சுவரிலேயே சீனக் கடையை வைத்துக்கொண்டு, கெல்வின் என்ற பெயர் வேறு யாருக்கும் இருக்கலாம் என்று அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.

கலியாணத்தன்று எழுத்தை வழக்கத்தைவிடக் கவனமாக எழுதினாள். கமலாம்பிகையின் மகள் என்றால் கண்களுக்குப் பஞ்சம் இருக்காது. பிறகு முறைப்படி சமையலறைக் கதவால் வெளியேறி, மண்டபத்துக்குப் போய், சாமான் இறக்கும் வாசலால் நுழைந்து, கூறை மாற்றும் அறைக்குள் இருந்துகொண்டாள். சடங்கு தொடங்கமுன் பக்கத்து அறையில் மாப்பிள்ளை வீட்டாருக்கு "சின்ன ரீ பார்ட்டி" ஒன்று இருப்பதாகக் கமலாம்பிகை சொல்லியிருந்தார். வேதக்காரர் காலைமையில் தேத்தண்ணி குடிப்பதில் அன்ரனெற்றுக்கு ஒரு புதுமையும் தெரியவில்லை. அடுத்த சேலைக்கான ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கதவு படாரென்று திறந்தது.

"என்ரை பிள்ளையின்ரை காதுக்குப் பின்னாலை என்ன எழுதி வைச்சனீர்?" கமலாம்பிகையின் பட்டுச்சேலை நடுங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணூறுக்கு அக்கா. எல்லாருக்கும் எழுதிறதுதானே..."

"வாரும்! வந்து உம்மடை வாயாலை சொல்லும்! என்ரை மானத்தை வாங்கிப்போட்டீர்!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மண்டபத்தின் நடுவால், பூ வளைவுக்குக் கீழால், வந்திருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்க்கப் போனார்கள். மண்டபத்தின் முன்பக்கம் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. சோடனையைப் பார்க்க அவகாசம் கிடைக்கவில்லை.

பக்கத்து அறையில் சிவப்புத் துணி விரித்த மேசை, சின்னச் சின்னக் கிண்ணங்களில் தேநீர், கோட்டும் சூட்டுமாக ஒரு சீனக் குடும்பம். மெத்தையில் துர்க்கா முழந்தாளில் இருந்தாள். பக்கத்தில் முழந்தாளில் இருந்த பையன்தான் மாப்பிள்ளை. கெல்வின் எந்தப் பங்குக் கோயிலைச் சேர்ந்தவன் என்பது அன்ரனெற்றுக்கு அப்போதுதான் தெளிவாக விளங்கியது.

மருமகள் தேநீர் கொடுத்தால் மாமியார் தங்கம் போட்டுவிடுவது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளையின் தாயார் மிசிஸ் லாவ், சங்கிலியைத் துர்க்காவின் கழுத்தில் கொழுவுவதற்காகப் பூவை விலக்கியிருக்கிறார். விலக்கிய இடத்தில் பேய் என்று எழுதியிருக்கிறது. சங்கிலி இன்னமும் அவர் கையில் பாதி கொழுவியபடி தொங்கிக்கொண்டிருந்தது. மற்றக் கையால் துர்க்காவின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"என் மருமகளில் இதை எழுதியது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கமலாம்பிகை அவர்கள் முந்திக்கொண்டார். அவருடைய ஆங்கிலம் ஆபத்தில் நன்றாக வரும். "திஸ் லேடி. ஷீ இஸ் நொட் ஃபமிலி. ஒன்லி த டிறெசர்." அது போதாதென்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்தி இன்னொன்றையும் சேர்த்தார். "ஷீ இஸ் செப்பரேற்றட், யூ நோ."

சீன எழுத்துக்கும் பிறம்ரனில் இருக்கும் றெமிஜியசுக்கும் என்ன சம்பந்தம் என்று லாவ் குடும்பத்தில் யாருக்கும் விளங்கவில்லை. அன்ரனெற்றுக்கு விளங்கியது. தமிழில் எத்தனையோ தடவை முதுகுக்குப் பின்னால் கேட்ட சொல். முகத்துக்கு நேரே, அந்நியர் முன்னால், அதுவும் தன் குற்றத்துக்குக் காரணமாகச் சொல்லக் கேட்டது இதுதான் முதல். அவளுக்கு வலித்தது.

"அன்ரி, ஜஸ்ற் சே இற் இஸ் எ டிசைன்" என்று துர்க்கா கீழிருந்து கிசுகிசுத்தாள். நல்ல யோசனைதான். இன்ரநெற்றில் பார்த்தேன், பூ என்று நினைத்தேன் என்றால் ஒரு மன்னிப்போடு முடிந்துவிடும். ஆனால் மிசிஸ் லாவ் அந்தத் தோளை விடாமல் பிடித்திருப்பது கோபத்தால் அல்ல என்று அன்ரனெற் கண்டுகொண்டாள். அந்த மனுசி பயந்துபோயிருந்தார். புதிதாக வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு யாரோ என்னவோ செய்துவிட்டார்கள் என்கிற பயம். பயந்து நிற்கிறவரிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

வாயிலிருந்த ஊசிகளை எடுத்துச் சேலைத் தலைப்பில் குத்தினாள். "பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே அவாவுக்குச் சொல்லு. எங்கட ஆக்கள் வடிவான பிள்ளையளுக்குக் கறுப்புப் பொட்டு வைப்பினம். பழுது ஒண்டு இருக்கெண்டு காட்டத்தான். பொட்டு வைச்சா உங்கடை பிள்ளையளுக்குப் பிடிக்குதில்லை. அதாலை உதை எழுதினனான். பேய் வந்து பாத்தா, ஏற்கெனவே பேய்தானே எண்டு விட்டிட்டுப் போகட்டும் எண்டு. வேறை ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அந்தோனியார் அறிய."

துர்க்கா ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தோனியாரையும் சொன்னாள். மிசிஸ் லாவ் எழுத்தையும் அன்ரனெற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பார்த்துவிட்டுப் போய்விடுமா?" என்று கேட்டார்.

"போயிடும்" என்றாள் அன்ரனெற்.

மிசிஸ் லாவ் மகனைக் கையால் காட்டினார். "இவன் மாதம் நிறையாமல் பிறந்தான். கையளவு. பள்ளிக்கூடம் போகும்வரை வீட்டில் நாங்கள் இவனை நாய்க்குட்டி என்றுதான் கூப்பிட்டோம். நல்ல பெயர் சொன்னால் அது கேட்டுக்கொண்டு வந்துவிடும் என்று எனக்குப் பயம்."

"மம், ப்ளீஸ்" என்றான் நாய்க்குட்டி.

அவர் அவனுடைய சட்டைக் கையைப் பிடித்து அன்ரனெற்றின் பக்கம் இழுத்தார். "இவனுக்கும் எழுது. இன்றைக்கு இவனையும்தான் எல்லோரும் பார்ப்பார்கள்."

"ஐயோ, உதிலை பொம்பிளை எண்டெல்லோ கிடக்கு?"

துர்க்கா மொழிபெயர்த்ததும் மிசிஸ் லாவ் கையை விசிறினார். "பேய் அவ்வளவு உன்னிப்பாக வாசிக்காது."

அன்ரனெற் மை எடுத்து மாப்பிள்ளையின் காதுக்குப் பின்னால் எழுதினாள். மிசிஸ் லாவ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, வலப்பக்கக் கால் கட்டை என்றார். பிறகு சங்கிலியைக் கொழுவிவிட்டு, பூவை இழுத்து எழுத்தை மூடிவிட்டார். எல்லோரும் தேநீர் குடித்தார்கள். கமலாம்பிகை அவர்கள்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். "வீ ஹாவ் திஸ் கஸ்ரம் ஃபோர் தௌசண்ட்ஸ் ஒஃப் இயர்ஸ்" என்று, ஏதோ ஆயிரமாயிரம் ஆண்டு வழக்கம் போல, சம்பந்தி வீட்டாருக்கு விளக்கமும் கொடுத்தார்.

வெளியே வந்ததும் தமிழுக்குத் திரும்பினார். "ஏதோ தப்பினீர். இனிக் கூறையை மாத்தி அனுப்பிப்போட்டு உள்ளையே இரும். மேளம் முடியுமட்டும் கதவைத் திறந்துபோடாதையும். நல்ல காரியம்."

"ஓம் அக்கா" என்றாள் அன்ரனெற்.

கூறை மாற்ற வந்த துர்க்காவிடம் அவள் அன்று மூச்சை இழு என்று சொல்லவில்லை. கொய்யகம் எடுத்தாள், தோளில் ஊசி குத்தினாள், தலைப்பை நீவிவிட்டாள். பிள்ளை மேடைக்குப் போய்விட்டது. கதவைச் சாத்த வேண்டிய நேரம். அவள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். பேய் என்று எழுதியதை அந்த மனுசி ஒரு கிண்ணம் தேநீர் ஆறுவதற்குள் மன்னித்துவிட்டார். தான் செய்யாத ஒன்றுக்கு இந்தச் சனம் இவ்வளவு காலமாகத் தன்னைக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறது. தானும் ஓம் அக்கா, ஓம் அக்கா என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளுக்குக் கோபம் வந்தது. அதிகமாகத் தன்மீதுதான்.

கதவைத் திறந்த வாக்கில் விட்டுவிட்டு வெளியே நடந்தாள். முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம், எப்போது எழும்ப வேண்டும் எப்போது இருக்க வேண்டும் என்று தெரியாத லாவ் குடும்பத்துக்கு நடுவில், ஒரு கதிரை காலியாக இருந்தது. மிசிஸ் லாவ் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்து இடம் கொடுத்தார். அன்ரனெற் இருந்தாள்.

மேடையிலிருந்து கமலாம்பிகை கண்டுவிட்டார். ஜதுர்சனின் கமெரா அவருடைய முகத்துக்கு நேரே இருந்ததால் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கண்கள் மட்டும் பேசின. இந்தக் கோடை போயிற்று, அடுத்ததும் போயிற்று என்று அவை சொன்னதை அன்ரனெற் ஒரு சொல் விடாமல் வாசித்தாள். எழுந்து போகவில்லை.

தாலி ஏறும்போது மணமக்கள்மேல் போடுவதற்கான அறுகரிசித் தட்டு வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தது. கொண்டுவந்தவள் கமலாம்பிகையின் தங்கை மகள் செரீனா. அன்ரனெற்றின் முன்னால் வந்ததும் நின்றாள். யாருக்குத் தட்டை நீட்டலாம், யாருக்கு நீட்டக் கூடாது என்று அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தட்டைச் சற்றுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மேடையைப் பார்த்தாள். மேடையில் பெரியம்மாவின் தலை, சிரிப்புக் குலையாமல், இல்லை என்று மெல்ல அசைந்தது. ஐயர் கையை உயர்த்தினார். மேளம் கெட்டியாக எழுந்தது.

அன்ரனெற் எழுந்து நின்று, தட்டைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கையாலும் அள்ளினாள்.